புக்கெகோஹியில் ஒரு தொட்டி

பொறாமை எப்போது தொடங்கியது என்று கேட்டால் பெரும்பாலானவர்களால் சொல்ல முடியாது. என்னால் முடியும். 1986 ஏப்ரல் மாதத்துச் சனிக்கிழமை ஒன்று, மத்தியானம். ஹாலியின் வால்நட்சத்திரம் தென் வானத்தில் நன்றாகத் தெரிகிறது என்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்த நாட்கள் அவை. அதனால் மாதத்தில் எனக்குச் சந்தேகமில்லை.

நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில், மவுண்ட் ஆல்பர்ட் பகுதியில் நாங்கள் வாடகைக்கு இருந்த பழைய மரவீட்டின் குசினியில், பக்கெற்றில் வந்த உலர்ந்த தேங்காய்ப்பூவைச் சம்பலுக்காக இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஊறவைத்துக்கொண்டிருந்தேன். முன்னறையில் என் மனைவியும் அவளோடு ஆராய்ச்சி செய்த, மலேசியாவிலிருந்து வந்த ஈப்போக்காரரும் கடதாசிகளைப் பரப்பிவைத்துக்கொண்டு இருந்தார்கள். அவள் ஒரு வசனத்தைத் தொடங்கினாள். பாதியில் நிறுத்தினாள். அவர் அதை முடித்தார். "அதேதான்!" என்று அவள் மேசையில் தட்டினாள். இருவரும் சிரித்தார்கள்.

சிரிப்பு என்னைத் தொடவில்லை. அவர் வசனத்தை முடித்ததுதான் தொட்டது. எங்களுக்குக் கலியாணமானது 1982இல். அந்த நாலு வருடத்தில் அவளுடைய வசனம் ஒன்றையாவது நான் சரியாக முடித்ததாக நினைவில்லை. முடிக்கப் போனால் "அப்பிடி இல்லை" என்று சொல்லிவிட்டு முதலிலிருந்து தொடங்குவாள்.

நாங்கள் இருவரும் யாழ்ப்பாணத்து வடமராட்சிக்காரர். அவள் பொறியியல் படித்தவள்; 1983 தொடக்கத்தில் புலமைப்பரிசில் கிடைத்து ஆக்லாந்துக்கு வந்துவிட்டாள். நான் ஊரில் பள்ளிக்கூடமொன்றில் சரித்திரம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அந்த வருடம் ஜூலையில் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்துக்குப் பிறகு இருக்கப் பிடிக்காமல், அடுத்த வருடம் அவளுடைய விசாவைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தேன். இங்கே சரித்திர ஆசிரியனுக்கு வேலை இல்லை. குயின் வீதி வங்கியொன்றின் பின்னறையில் காசோலைகளைக் கிளை வாரியாகப் பிரித்து அடுக்கும் வேலை கிடைத்தது. அந்த வேலையில் எனக்குக் குறையில்லை. காசோலைகளில் தேதி இருக்கும்.

ஈப்போக்காரரும் தமிழர்தான். அவளைவிடச் சில மாதங்களே இளையவர். ஆனாலும் அவளை "அக்கா" என்பார். அவள் "தம்பி" என்பாள். இந்த முறைச்சொற்கள் என் மனதை ஆற்றியிருக்க வேண்டும், ஆற்றவில்லை. அக்காவின் புருஷனை எங்களூரில் அத்தான் என்றல்லவா கூப்பிடுவார்கள்? இவர் என்னை "சார்" என்றார். வாத்தியாராக இருந்தவர் என்ற மரியாதைக்காகத்தான் அப்படிச் சொன்னார் என்று இன்று தெரிகிறது. அன்று அது என்னை அந்த வீட்டின் சொந்தங்களிலிருந்து வெளியே நிறுத்திவைப்பதற்காகக் கண்டுபிடித்த சொல்லாகவே காதில் விழுந்தது. இங்கே அவரை அவர் என்று எழுதுகிறேன். அந்த வருடம் முழுவதும் மனதுக்குள் அவன்தான்.

அந்த ஏப்ரல் சனிக்கிழமை சாப்பாட்டு மேசையில் அவர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "சார், இந்த வால்நட்சத்திரம் அடுத்து எப்ப வரும்?"

"இரண்டாயிரத்து அறுபத்தொண்டிலை."

"முன்ன எப்ப வந்துச்சு?"

"ஆயிரத்துத் தொளாயிரத்துப் பத்து."

"அக்கா, இந்த வீட்டுல காலண்டர் வாங்கறது வேஸ்ட் லா."

மனைவி சிரித்தாள். நானும் சிரித்தேன். அவர் ஒரு நல்ல மனிதர், பகிடிக்காரர், சாப்பிட்ட கோப்பையைத் தானே கழுவி வைப்பவர். வெறுப்பதற்குத் தகுந்த காரணம் ஒன்றைத் தந்திருந்தால் எனக்கு எவ்வளவோ உதவியாக இருந்திருக்கும்.

அவர்கள் எதைப் பற்றிக் கதைத்தார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். ஆக்லாந்துக்குத் தெற்கே, புக்கெகோஹியில் ஒரு தொழிற்சாலை, மீனும் சிப்ஸும் விற்கிற கடைகளுக்காக உருளைக்கிழங்கைத் தோலுரித்து வெட்டி அனுப்பிக்கொண்டிருந்தது. தோலைக் கழற்றுவதற்காகக் கிழங்கைக் காஸ்டிக் சோடா கலந்த சுடுதண்ணீரில் முக்கி எடுப்பார்கள். பிறகு கழுவுகிற தண்ணீர் கடும் காரமாக இருக்கும். அதை அப்படியே சாக்கடைக்குள் விட முடியாது. ஒரு தொட்டியில் சேர்த்து, அமிலம் விட்டு, காரமும் புளிப்பும் இல்லாத நடுநிலைக்குக் கொண்டுவந்த பிறகுதான் திறந்துவிடலாம். அமிலத்தை ஒரு பம்ப் விடும். எப்போது எவ்வளவு விடுவது என்று அந்தப் பம்புக்குச் சொல்லும் கணினி நிரல்தான் என் மனைவியின் ஆராய்ச்சி.

கேட்கும்போது இலேசாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தத் தண்ணீரின் குணம் ஒரே சீரானதல்ல. காரம் கூடியிருக்கும்போது வாளிக்கணக்கில் அமிலம் விட்டாலும் மானியின் முள் அசையாது. நடுநிலைக்குக் கிட்ட வந்துவிட்டால் ஒரு கரண்டி கூடினால் போதும், மறுபக்கம் பாய்ந்து புளித்துப்போகும். காலையில் வரும் தண்ணீர் மத்தியானத் தண்ணீர் போல இராது. ஆகவே நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே தண்ணீரைப் படித்துக்கொள்ள வேண்டும்: இவ்வளவு அமிலம் விட்டேன், இவ்வளவு மாறியது, ஆகவே இது இப்படிப்பட்ட தண்ணீர். படித்ததை வைத்து அடுத்த முறை விடுகிற அளவைத் திருத்திக்கொள்ள வேண்டும். இவற்றோடு இன்னுமொரு சிக்கல். பம்புக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்குமேல் நிரல் எவ்வளவு கேட்டாலும் அதனால் தள்ள முடியாது.

இவ்வளவையும் எனக்கு யாரும் இருத்திவைத்துச் சொல்லித்தரவில்லை. குசினிக்கும் முன்னறைக்கும் நடுவில் தேத்தண்ணி கொண்டு நடந்து நடந்து, ஒட்டுக்கேட்டு, பொறுக்கியது.

மே மாதத்தில் டிமாரு வந்தது. தென் தீவிலுள்ள அந்த ஊரில் ஆட்டுக்கம்பளி கழுவும் ஆலை ஒன்று இருந்தது. அங்கும் இதே கழிவுத்தண்ணீர்ப் பிரச்சினை. புக்கெகோஹித் தொழிற்சாலையில் அந்த நிரலை ஓட்டிப்பார்க்கும் பரீட்சை சரிவந்தால், அவர்கள் இருவரையும் ஒரு வருடம் சம்பளத்தோடு டிமாருவுக்கு எடுப்பதாக ஆலைக்காரர் அவர்களுடைய பேராசிரியரிடம் சொல்லியிருந்தாராம். ஈப்போக்காரரின் புலமைப்பரிசில் அந்த வருடத்தோடு முடிகிறது. அவருக்கு இது வேண்டியிருந்தது. ஒருவர் மட்டும் போவதைவிட இருவரும் போவதே ஆலைக்குத் திருப்தி.

இதை நான் மனைவியின் வாயால் கேட்கவில்லை. ஒரு சனிக்கிழமை, தேத்தண்ணியை ஊதிக்கொண்டு ஈப்போக்காரர் கேட்டார்: "சார், டிமாரு குளிரு அக்காவுக்குத் தாங்குமா? அங்க பனியே கொட்டுமாம்."

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் கடதாசியைப் பார்த்தாள்.

"தாங்கும்," என்றேன். "அவ நுவரெலியாக் குளிரிலை கொஞ்சக் காலம் இருந்தவ."

அவர் போன பிறகு அவள் சொன்னாள்: "இன்னும் ஒண்டும் முடிவில்லை. பரீட்சை சரிவந்தால்தானே."

"ஓம், ஓம்," என்றேன். அதற்குமேல் கேட்கவில்லை.

கேட்டிருக்கலாம். கேட்காததற்குக் காரணம் அடக்கமல்ல, கௌரவம். ஊரில் பெண்களின் படிப்பைப் பற்றி மேடையில் பேசியவன் நான். அவளுடைய புலமைப்பரிசில் கடிதம் வந்தபோது, "புருஷனை விட்டிட்டுப் போறதோ?" என்று கேட்ட சொந்தக்காரரை வாசலோடு திருப்பி அனுப்பியவன். அப்படிப்பட்டவன் இப்போது வாயைத் திறந்து போகவேண்டாம் என்று சொல்லுவதா? ஆனால் அவள் போனால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது, அல்லது தெரியும் என்று நம்பினேன். ஒரு வருடம் அவர்கள் இருவரும் ஒரு தொட்டியின் பக்கத்தில் நின்று ஒருவருடைய வசனத்தை ஒருவர் முடித்துக்கொண்டிருப்பார்கள். ஒரு வருடம் கழித்துத் திரும்பி வருகிறவளுக்கு என்னோடு கதைப்பதற்கு உப்புப் புளி விசயம்தான் மிஞ்சியிருக்கும்.

அதனால் நான் படிக்கத் தொடங்கினேன். வேலை முடிந்ததும் நகர நூலகத்துக்குப் போவேன். சரித்திரப் பகுதியில் என் முகம் அறிந்திருந்த நூலகர் அம்மா, பொறியியல் அடுக்குக்குள் என்னைக் கண்டு வழிதவறிவிட்டேனோ என்று கேட்டார். கட்டுப்பாட்டுப் பொறியியல் பற்றிய தடித்த புத்தகமொன்றில் முன்னுரை எனக்கு நன்றாகப் புரிந்தது. நன்றியுரையும் புரிந்தது, ஆசிரியர் தம் மனைவியின் பொறுமைக்கு நன்றி சொல்லியிருந்தார். நடுவிலுள்ளதெல்லாம் கிரேக்க எழுத்துகள்.

இருந்தும் ஒரு சனிக்கிழமை துணிந்து மேசையில் வாய்விட்டேன். "பம்ப் சின்னது எண்டதுதானே பிரச்சினை? பெரிய பம்ப் ஒண்டு பூட்டினால் என்ன?"

மனைவி பென்சிலைக் கீழே வைத்தாள்.

"சார் சொல்றதும் ஒரு பாயிண்டுதான்," என்றார் ஈப்போக்காரர். அவ்வளவு இரக்கத்தோடு சொன்னார்.

மனைவி இரக்கம் பார்க்கவில்லை. "பெரிய பம்பெண்டால் நடுநிலைக்குக் கிட்ட வரேக்கை சொட்டுக்கணக்கிலை விட ஏலாதப்பா. அண்டாவாலை கண்ணுக்கு மருந்து விடுற மாதிரி."

அவளுடைய அடியை நான் தாங்கிக்கொண்டேன். அவருடைய இரக்கத்தை இன்றுவரை தாங்க முடியவில்லை.

ஜூனில் அவர்களுடைய கட்டுரையொன்று மாநாட்டுக்குப் போக வேண்டியிருந்தது. எங்கள் வீட்டில் தட்டச்சுத் தெரிந்தவன் நான்தான். வாடகைக்கு எடுத்த மின் தட்டச்சு இயந்திரத்தில், சமன்பாடுகளுக்கு இடம் விட்டு விட்டு, அவள் சொல்லச் சொல்ல அடித்தேன். தலைப்புக்குக் கீழே முதலில் அவள் பெயர். அதற்குப் பக்கத்தில், காற்புள்ளிக்குப் பிறகு, அவர் பெயர். அச்சில் அவள் பெயருக்குப் பக்கத்தில் என் பெயர் வந்தது ஒரே ஒரு தடவைதான், எங்கள் கலியாண அழைப்பிதழில். அந்தக் காற்புள்ளியை அடிக்கும்போது விரல் கொஞ்சம் பலமாக விழுந்துவிட்டது. கடதாசியின் பின்பக்கம் தடவினால் கையில் தட்டுப்பட்டது.

பரீட்சை ஜூலையில் நடந்தது. அவர்கள் இருவரும் பல்கலைக்கழக வான் வண்டியில் கணினியை ஏற்றிக்கொண்டு புக்கெகோஹிக்குப் போனார்கள். அன்று பின்னேரம் மனைவி வீட்டுக்கு வந்தபோது முகம் கறுத்திருந்தது. உடுப்பில் பச்சைக் கிழங்கின் ஈரமணம். சப்பாத்தைக் கழற்றாமலே கதிரையில் இருந்தாள்.

"என்ன நடந்தது?"

"பைத்தியம் பிடிச்ச மாதிரி ஓடிச்சுது."

காலையில் காரம் மிகக் கூடிய தண்ணீர் ஒரேயடியாக வந்ததாம். பம்ப் தன் எல்லைவரை ஓடியது. போதவில்லை. நிரல் இன்னும் கேட்டது, இன்னும் இன்னும் கேட்டது. பிறகு தண்ணீரின் காரம் தணிந்து, நடுநிலைக்குக் கிட்ட வந்த நேரத்தில், சொட்டுச் சொட்டாக விட வேண்டிய இடத்தில் நிரல் அமிலத்தைக் கொட்டு கொட்டென்று கொட்டச் சொன்னது. தொட்டி முழுவதும் புளித்துப்போயிற்று. முதலாளி ஒரு குஜராத்திக்காரர், இங்கேயே பிறந்தவர். வந்து மானியைப் பார்த்துவிட்டு, இதைவிட என் பையன் ஒரு வாளியோடு நன்றாகச் செய்வான் என்றாராம். இன்னொரு நாள் மட்டும் தருவதாகச் சொன்னாராம், ஆகஸ்டில்.

"அதுவும் சரிவராட்டி?" என்று கேட்டேன்.

"அதோடை முடிஞ்சுது. டிமாருவும் முடிஞ்சுது."

நான் அவளுக்குத் தேத்தண்ணி போடக் குசினிக்குப் போனேன். கேத்தலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது, நான் ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருப்பதைக் கவனித்தேன். நிறுத்தினேன். கேத்தல் கொதிப்பதற்குள் மறுபடி தொடங்கிவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை ஈப்போக்காரர் விடியவே வந்துவிட்டார். "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டே வரைவுத்தாள் சுருளை முன்னறைத் தரையில் விரித்தார். பரீட்சை நாளில் மானியோடு இணைத்த பேனா வரைந்த கோடுகள். ஒன்று தண்ணீரின் நிலை, மற்றது நிரல் பம்புக்கு இட்ட கட்டளை. இருவரும் அதன்மேல் குனிந்து, முழங்காலில் நகர்ந்து நகர்ந்து பார்த்தார்கள். நான் கோழிக்கறிக்கு வெங்காயம் அரிந்துகொண்டு கதவருகே நின்றேன்.

"இந்த இடத்துல பாருங்கக்கா. பம்பு முழுசா ஓடுது. அதுக்கு மேல போக முடியாது. ஆனா நம்ம புரோகிராம் கேக்குறத நிப்பாட்டல."

"கேக்கட்டும். கேக்கிறதாலை என்ன? பம்ப் குடுக்காதுதானே."

"கேக்குறது பிரச்சினை இல்லக்கா. கேட்டத..."

அவள் தலையை நிமிர்த்தினாள். "கேட்டதைக் கிடைச்சதெண்டு..."

"ஆமா!"

"...கணக்கு வைச்சிருக்குது! ஐயோ தம்பி, படிக்கிற பகுதிக்கு நாங்கள் குடுத்தது கட்டளையை. பம்ப் உண்மையா விட்டதையில்லை."

"அதான்! அது நெனைக்குது, நான் இம்புட்டு அமிலம் ஊத்தினேன், தண்ணி அசையவே இல்ல. அப்ப இந்தத் தண்ணி ரொம்ப முரட்டுத் தண்ணின்னு."

"முரட்டுத் தண்ணியெண்டு படிச்சு வைச்சிட்டுப் பிறகு..."

"...சாதுவா வந்த தண்ணி மேல முரட்டுத்தனமா ஊத்திடுச்சு!"

அவள் கெக்கட்டமிட்டுச் சிரித்தாள். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டாள். பம்ப் எல்லையில் முட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் படிப்பதை நிறுத்திவைக்க வேண்டும். மற்ற நேரங்களில் பம்ப் உண்மையில் எவ்வளவு விட்டதோ அதை மட்டும் நிரலுக்குச் சொல்ல வேண்டும். இரண்டே இரண்டு திருத்தம். கணிதத்தில் அவ்வளவு கெட்டிக்காரர்களுக்கு மட்டுமே வரக்கூடிய பிழை அது. வாளியோடு நிற்கும் பையன் ஊற்றாத அமிலத்தை ஊற்றியதாக ஒருநாளும் நினைத்திருக்க மாட்டான்.

கண்டுபிடிப்பு முடிந்தது. தரையில் இருந்தபடியே அவர்கள் ஒருவரையொருவர் பார்த்து மூச்சு வாங்கினார்கள், ஓடி வந்தவர்களைப் போல. நான் கண்ணீரோடு நின்றேன். வெங்காயம்தான்.

"சார், அழாதீங்க, சரியாயிடுச்சு," என்றார் அவர்.

அந்தக் கிழமையே நான் இரண்டு காரியங்கள் செய்தேன். சாரதி அனுமதிப்பத்திரத்துக்கான பரீட்சையில் தேறினேன். அதற்காக மார்ச்சிலிருந்தே பழகிக்கொண்டிருந்தேன், ஆனால் அவசரம் வந்தது இப்போதுதான். வங்கியில் சக ஊழியர் ஒருவர் விற்ற பழைய ஜப்பான் கார் ஒன்றை வாங்கினேன். ஆகஸ்டில் பரீட்சை நாள் குறித்ததும் வங்கியில் லீவும் எடுத்தேன்.

"நீங்கள் ஏன் லீவெடுத்தனீங்கள்?" என்றாள் மனைவி.

"உம்மைக் கொண்டுபோய் விடத்தான்."

"வான் போகுதுதானே. தம்பியோடை போவன்."

"வானுக்குள்ளை கணினி இருக்குது. இடம் காணாது."

"போன தரமும் கணினி இருந்தது."

"இந்தமுறை குளிர்."

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரி," என்றாள்.

தெற்கு நெடுஞ்சாலையில் வான் முன்னாலும் நாங்கள் பின்னாலுமாகப் போனோம். வழி முழுவதும் அவள் முன்னால் போகும் வானையே பார்த்துக்கொண்டு வந்தாள். பெட்டி கயிறு தளர்ந்து ஆடுகிறதோ என்று கணினிக்காகப் பார்த்தாளாம். புக்கெகோஹியில் மழை தூறியது. செம்மண் வயல்களில் வெங்காய நாற்று, ஊசி குத்தியதுபோல வரிசை வரிசையாக. தொழிற்சாலைக்குள் நீராவியும் சோடா நெடியும். தொட்டியின் பக்கத்தில் ஒரு மேசையில் கணினியை வைத்தார்கள். எனக்கு ஒரு கிழங்குப் பெட்டியைக் கவிழ்த்து ஆசனம் தந்தார்கள்.

அங்கே இருந்து நான் தொட்டியைப் பார்க்கவில்லை, அவர்களைத்தான் பார்த்தேன். பார்க்கத்தான் வந்திருந்தேன். என் கணக்கில் அன்றைக்கு இரண்டில் ஒன்று தெரிந்துவிடும்: கோடு குழம்பினால் அவள் என்னோடு மவுண்ட் ஆல்பர்ட்டில், கோடு நேராக வந்தால் அவரோடு டிமாருவில்.

காரத்தண்ணீர் பெருகி வந்தது. பம்ப் இரைந்தது. வரைவுப் பேனா மேலே ஏறி நின்றது. முதலாளி கைகளைக் கட்டிக்கொண்டு பின்னால் வந்து நின்றார். பிறகு பேனா இறங்கத் தொடங்கியது. போன தடவை கீழே விழுந்து உடைந்த இடத்தில் இந்த முறை அது தயங்கி, ஒருமுறை சற்றே கீழே போய், மேலே வந்து, நடுநிலைக் கோட்டின்மேல் படுத்துக்கொண்டது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்த தண்ணீருக்கும் அப்படியே.

"நல்லது," என்றார் முதலாளி ஆங்கிலத்தில். "என் பையனுக்கு வேறு வேலை பார்க்கிறேன்."

நான் எதிர்பார்த்தது நடக்கவில்லை. அவர்கள் ஒருவரையொருவர் பார்க்கக்கூட இல்லை. மனைவி பேனாவைப் பார்த்தபடியே நின்றாள், அது இன்னும் எதையோ சொல்லப்போகிறது என்பதுபோல. ஈப்போக்காரர் ஒரு சிகரெட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனார். முகத்தில் சந்தோசம் இல்லை. நானும் வெளியே போனேன். கொட்டகையின் ஓரத்தில், மழைக்கு ஒதுங்கி நின்றோம்.

"வாழ்த்துகள்," என்றேன். "இனி டிமாருதானே."

அவர் புகையை விட்டார். "ஆமா சார். தனியாத்தான்."

"தனியாகவோ?"

"அக்கா போன வாரமே சொல்லிட்டாங்க. உங்க மேல கோவம் இல்ல சார். எங்கப்பாவா இருந்தாலும் எங்கம்மாவ ஒரு வருசம் விட்டிருக்க மாட்டாரு."

எனக்கு உடனே விளங்கவில்லை. "அவ என்ன சொன்னவ?"

"நீங்க வேணாம்னு சொல்லிட்டீங்கன்னு. 'அவர் விடமாட்டன் எண்டு நிக்கிறார் தம்பி'ன்னாங்க." அவளுடைய யாழ்ப்பாணத் தமிழை அவர் அச்சாகச் சொன்னார். "நான் ஒன்னு கேக்கணும் சார். பேராசிரியர வச்சு உங்ககிட்ட பேசச் சொன்னா மனசு மாறுவீங்களா? உண்மையாலுமே நீங்க தான் சொன்னீங்களா?"

மழைத்தண்ணீர் தகரத்திலிருந்து எங்கள் முன்னால் வடிந்துகொண்டிருந்தது. நான் ஒருநாளும் அப்படிச் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதற்காக ஏப்ரலிலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். இல்லை என்று ஒரு சொல் சொன்னால் என் கௌரவம் மீண்டுவிடும்; அவர் உள்ளே போய் அவளிடம் கேட்பார்; அவளுக்குச் சாட்டு இல்லாமல் போய்விடும். ஓம் என்றால் நான் வாசலோடு திருப்பி அனுப்பிய அந்தச் சொந்தக்காரனாக நானே ஆகிவிடுவேன், அதுவும் இந்த மனிதன் முன்னால்.

"ஓம்," என்றேன். "நான்தான் சொன்னனான்."

அவர் தலையாட்டினார். சிகரெட்டை மிதித்து அணைத்தார். "சாரி சார், கேட்டதுக்கு," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். என்னை அவர் மதிப்பதை நிறுத்திய கணத்தை நான் நேரில் பார்த்தேன். அது வேதனையாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

திரும்பி வரும்போது வான் பின்னால் வந்தது. சாமான் கட்ட அவருக்கு நேரமெடுத்தது. காருக்குள் நாங்கள் இருவர் மட்டும். மூடிய சன்னல்களில் ஆவி படிந்தது. பெட்ரோல் நிலையம் ஒன்றைத் தாண்டியதும் கேட்டேன்.

"நான் விடமாட்டன் எண்டு சொன்னனானோ?"

அவள் சன்னலில் படிந்த ஆவியைக் கையால் துடைத்தாள். "அவன் கேட்டானோ?"

"கேட்டான்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"ஓமெண்டனான்."

அவள் என் பக்கம் திரும்பினாள். அந்தப் பார்வையில் ஆச்சரியம் இருந்தது, நிச்சயமாக. "தாங்ஸ்," என்றாள். வங்கியில் கதவைத் திறந்துபிடிப்பவருக்குச் சொல்வதுபோல.

"ஏன் அப்பிடிச் சொன்னனீர்?"

"எனக்குப் போக விருப்பமில்லை. விருப்பமில்லையெண்டு சொன்னால் ஏனெண்டு கேப்பினம். தம்பி கேப்பான், பேராசிரியர் கேப்பார், நல்ல சந்தர்ப்பம் எண்டுவினம். எங்கடை ஆக்களுக்குப் புருஷன் விடேல்லை எண்டால் அதுக்குமேலை ஒருத்தரும் ஏனெண்டு கேக்கமாட்டினம். வெள்ளைக்காரரும் கேக்கமாட்டினம், கலாச்சாரம் எண்டு நினைச்சுக்கொண்டு பேசாமல் இருப்பினம்."

"ஏன் விருப்பமில்லை?" என்று கேட்டேன். கேட்கும்போது என் குரல் எனக்கே சின்னப் பிள்ளையினுடையதுபோல இருந்தது. பதில் எதுவாக இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

"டிமாரு ஒப்பந்தம் தம்பியின்ரை பேரிலை. நான் உதவி. ஒரு வருசம் கம்பளித்தண்ணியோடை நிண்டால் என்ரை ஆய்வேடு அப்பிடியே கிடக்கும். இப்பதான் படிக்கிறதை எங்கை நிப்பாட்டவேணும் எண்டதுக்கு நிரூபணம் வருகுது. சும்மா ஓடுது எண்டு காட்டுறது வேறை. எப்பவும் ஓடும் எண்டு நிரூபிக்கிறது வேறை. அதை நான் தனியச் செய்யவேணும். தம்பி பக்கத்திலை இருந்தால் பாதியிலை அவன் முடிச்சுப்போடுவான்."

"அப்ப என்னாலை இல்லை."

"என்ன உங்களாலை?"

"ஒண்டுமில்லை. முன்னுக்குப் பாரும், அந்தக் கார் ஏன் இப்பிடி ஓடுது," என்றேன், ஓட்டுவது நான் என்பதை மறந்து.

அக்டோபரில், நாட்டில் எல்லாப் பொருட்களுக்கும் புதிய வரி வந்த அதே மாதத்தில், ஈப்போக்காரர் டிமாருவுக்குப் போனார். சனிக்கிழமைகளில் முன்னறை அமைதியாயிற்று. நான் ஆசைப்பட்டது அதுதான். ஆனால் அவள் இப்போது ஒருவரோடும் கதைப்பதில்லை. காலையில் கடதாசியோடு இருந்தால் தேத்தண்ணி ஆறி ஆடை படியும். முன்பாவது அவர்கள் கதைப்பதை ஒட்டுக்கேட்டு நான் ஏதாவது பொறுக்கினேன். இப்போது கேட்பதற்கு ஒன்றுமில்லை. ஒரு மனிதன்மேல் பொறாமைப்படுவதற்கு முகமாவது இருக்கிறது. நிரூபணத்தின்மேல் பொறாமைப்படுகிறவன் யாரை முறைத்துப் பார்ப்பது?

வருடக் கடைசியில் எங்கள் ஆட்கள் ஒரு மண்டபத்தை வாடகைக்கு எடுத்து மத்தியானச் சாப்பாடு வைத்தார்கள். அங்கே, மன்னார்ப் பக்கத்து மருத்துவர் ஒருவர், அவரை எனக்கு அதற்குமுன் கண்டு பழக்கமில்லை, கோப்பையோடு என்னருகில் வந்து தோளில் தட்டினார்.

"நீர்தானே மனிசியைத் தென் தீவுக்கு விடாதவர்? நல்ல வேலை செய்தனீர். குடும்பமெண்டால் ஒருத்தன் ஓர் இடத்திலை கோடு கீறத்தான் வேணும்."

"ஓம்," என்றேன்.

அவருடைய மனைவி என்னைப் பார்த்த பார்வை வேறு. "பாவம் அந்தப் பிள்ளை," என்று எனக்குக் கேட்கும்படியே பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். பாவமான பிள்ளை மண்டபத்தின் மறுமூலையில் வடையைக் கடித்துக்கொண்டு, கடதாசிக் கைத்துடைப்பத்தில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்குப் போகும் வழியில், காரை எங்கள் தெருவுக்குள் திருப்பும்போது, அதுவரை கேட்காததைக் கேட்டேன்.

"நான் உண்மையாவே போகவேண்டாமெண்டு சொல்லியிருந்தால், நீர் என்ன செய்திருப்பீர்?"

அவள் கைத்துடைப்பத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"போயிருப்பன்," என்றாள்.

நான் காரை நிறுத்தினேன். அவள் இறங்கி, கதவை முழங்கையால் சாத்திவிட்டு, எழுதியதைப் படித்துக்கொண்டே படியேறினாள். சாவி என்னிடம் இருந்தது. பூட்டிய கதவின் முன்னால், அது பூட்டியிருப்பதைக் கவனிக்காமல், வாசித்துக்கொண்டே நின்றாள். நான் உடனே இறங்கவில்லை. அந்த முகத்தை அப்படிப் பார்த்துக்கொண்டிருப்பதற்கு அங்கே வேறு ஒருவரும் இல்லை என்பதில் எனக்கு ஒரு திருப்தி இருந்தது.